ஓரத்தில் எழுதிய வினை

அந்தத் தாளில் பென்சிலை வைத்திருக்கவே கூடாது என்று செராஃபீமாவுக்கு உறைத்தபோது தாள் அவள் கையில் இல்லை.

ஒத்திகை முடிந்து, பாதி நாடக உடையும் பாதி சொந்த உடையுமாக ஒப்பனை அறைக்குள் வந்தவள், நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்தாள். சீப்பு இருந்தது. கைக்குட்டை இருந்தது. காலையில் வாயில் போட எடுத்து வைத்த ரொட்டி வளையம் இரண்டு இருந்தன. நாலாக மடித்த தாளைக் காணவில்லை. பையைக் கவிழ்த்து உதறினாள். ஒரு ட்ராம் டிக்கெட் விழுந்தது, அவ்வளவுதான்.

"உஸ்தீன்யா, என் பையத் தொட்டீங்களா?"

முப்பது வருடமாக அந்த நாடகசாலையின் உடுப்புகளைக் கட்டி மேய்க்கும் உஸ்தீன்யா, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள். "தொட்டேன். ரிம்மா வந்தா, ஆபீஸ்ல டைப் அடிக்கறாளே, அவ. மத்தியானக் கூட்டத்துல நீ வாசிக்கப்போற தாள்ல ஏதோ ஒரு வரிய மாத்தணுமாம். எடுத்துக் குடுத்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"நீ மேடையில செத்துக்கிட்டு இருந்த. நடுவுல வந்து எழுப்பச் சொல்றியா?"

செராஃபீமா உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வயது நாற்பத்தேழு. மேடையில் தூக்குமரம் வரை போய்த் திரும்பியவள். அவள் இப்படித் தொப்பென்று உட்கார்ந்து உஸ்தீன்யா பார்த்ததில்லை.

"என்ன கண்ணு, காதல் கடிதமா அது?"

"அப்படி இருந்தாத் தேவலையே," என்றாள் செராஃபீமா.

மணி பதினொன்றரை. கூட்டம் மூன்று மணிக்கு.

அந்தத் தாளைக் கொடுத்தவன் தீஹன். நாடகசாலையில் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர். முந்தின நாள் சிற்றுண்டிச் சாலையில் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளி, கூடவே தாளையும் தள்ளினான். எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னாவின் நடிப்புப் பயிற்சி வெறும் வெளிப்பூச்சு, அந்நியச் சரக்கு, மக்களுக்கு ஆகாதது என்று அதில் ஏழு வரி இருந்தது. அவரிடமே படித்தவர்கள் வாயால் அது வரவேண்டும். வந்தால், நாடகசாலையின் பக்கத்துக் கட்டிடத்தில் அந்த எழுபத்திரண்டு வயதுக்காரர் நடத்தும் கடைசி வகுப்பை மூடிவிடலாம்.

"நானா, தீஷா?" என்று கேட்டாள். சின்ன வயதுப் பேர். அவனை அப்படிக் கூப்பிட இப்போது அந்தக் கட்டிடத்தில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"உன் குரல் கடைசி வரிசைக்கும் போகும். அதனால நீ."

"நீயும்தான அவங்ககிட்டப் படிச்ச."

"நான் மேடையில துணிக்குதிரைக்குப் பின்னங்காலா நடிச்சவன், சீமா. பின்னங்கால் பேசினா எவன் கேப்பான்?"

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம்தான். போன மாதம் இசைக்குழுவில் ஒருவர் இப்படி ஒரு கூட்டத்தில் 'முடியாது' என்றார். அந்த வாரமே ஆளைக் காணோம். அவருடைய வயலின் உறை இன்னும் அலமாரியில் நிற்கிறது. அவர் பேரை யாரும் சொல்வதில்லை. பெருக்க வருகிறவள்கூட அந்த அலமாரிப் பக்கம் மட்டும் துடைப்பத்தை வேகமாக இழுத்துக்கொண்டு போகிறாள்.

ஆகவே செராஃபீமா தாளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். விடிந்ததும் பல குடித்தனங்களுக்குப் பொதுவான சமையலறையில் இடம் பிடித்து உட்கார்ந்து, வாசித்துப் பழகப் பென்சிலை எடுத்தாள். அங்கேதான் வினை பிடித்தது.

எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னாவிடம் படித்த யாரும் வெறும் தாளை வாசிக்க மாட்டார்கள். வரிக்கு வரி இடது ஓரத்தில் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும். 'சோகம்' என்று எழுதக் கூடாது, 'கோபம்' என்று எழுதக் கூடாது. கெஞ்சு, மிரட்டு, கதவைச் சாத்து, கண்ணில் மண்ணைத் தூவு. எதிரே நிற்கிற ஆளை நீ என்ன செய்கிறாய், அதை எழுது. "அழுகைய என்கிட்டக் கொண்டு வராதீங்க. அது வந்தா வரும், வராட்டிப் போகும். வேலையக் கொண்டு வாங்க," என்பார். எழுதும்போது இன்னொரு கட்டளையும் உண்டு: அழகாக எழுதாதே, உண்மையாக எழுது. அந்த ஓரம் உனக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் இல்லை.

இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாதிரியார் வீட்டுப் பெண். பதினேழு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவோடு ஓடிப்போனவர். வெங்காயம் தேய்த்த கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து அழக் கற்றுக்கொடுத்த குழு அது. ஒரு சந்தை ஊரில் அந்தக் குழுவின் நடிகை ஒருத்தி காலையில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சாயங்காலம் சிரிப்பு நாடகம் நடித்தாள். வசனத்தில் ஒரு எழுத்து பிசகவில்லை. ஆனால் கை மட்டும் மேஜைத்துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தது. சிரிக்க வந்த சனம் ஏன் என்று தெரியாமல் மூக்கைச் சிந்தியது. திரைக்குப் பின்னால் நின்று பார்த்த பதினேழு வயதுப் பெண், அந்தக் கையை எழுபத்திரண்டு வயதுவரை மறக்கவில்லை. நடிப்பு கண்ணீரில் இல்லை, கை செய்கிற காரியத்தில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில், புரட்சிக்குப் பின் ஊரே பசியில் கிடந்தபோது, ஓடிப்போன வியாபாரி ஒருவரின் நடனக்கூடத்தில் ஒன்பது பேரைச் சேர்த்து வகுப்பு தொடங்கினார். கம்பளிப் பூட்ஸோடு நடித்தார்கள். குளிருக்குத் தரைப்பலகையைப் பெயர்த்து எரித்தார்கள். பென்சில் கிடைக்காத காலம், ஒன்றை மூன்றாக வெட்டிக் கொடுப்பார். ஒரே பென்சிலில் வெட்டிய துண்டுகள்தான் அன்று செராஃபீமாவுக்கும் தீஹனுக்கும் கிடைத்தவை. இன்று மின்ஸ்க் முதல் விளாடிவஸ்தோக் வரை எந்த நாடகசாலைக்குப் போனாலும் வசனத் தாளின் இடது ஓரம் பென்சிலால் கறுத்திருக்கும். எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

செராஃபீமா எழுதியது இதுதான்.

'தோழர்களே, நான் எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னாவிடம் நான்கு வருடம் படித்தவள்.' ஓரத்தில்: முந்திக்கொள்.

'அவர் எங்களை மக்களின் வாழ்விலிருந்து பிரித்தார்.' ஓரத்தில்: கல்லெறி.

'என் கண்கள் தாமதமாகவே திறந்தன.' ஓரத்தில்: தலையைக் காப்பாற்றிக்கொள்.

'இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை.' இதற்கு முதலில் 'பொய் சொல்' என்று எழுதினாள். அது வெறும் பேச்சு, யாரை என்ன செய்கிறாய் என்று கேட்பாரே என்று அடித்துவிட்டு, தீஹன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள் என்று எழுதினாள். மீதி மூன்று வரிக்கும் எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. தாளை மடித்துப் பையில் வைத்து, கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினாள். இருபத்தேழு வருடப் பழக்கம். அழிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஆபீஸ் அறைக்கு ஓடினாள்.

"அந்தத் தாளா, செராஃபீமா ஃபமீனிச்னா?" ரிம்மா மெஷினிலிருந்து தலையை எடுக்கவில்லை. "புதுசா அடிச்சுட்டேன். ரெண்டையும் தீஹன் செவஸ்த்யானவிச் வாங்கிட்டுப் போயிட்டார். மேலிடத்துலருந்து வந்திருக்கறவர்கிட்டக் காட்டணும்னார்."

"பழசையுமா?"

"பழசையும்தான்."

"நீ படிச்சியா, ரிம்மா?"

ரிம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். காது மட்டும் சிவந்திருந்தது. "நான் டைப் அடிச்சதை மட்டுந்தான் பாத்தேன். ஓரத்த எல்லாம் பாக்கறது என் வேலையில்ல," என்றாள்.

ஓரம் என்று ஒன்று இருப்பதாகச் செராஃபீமா அவளிடம் சொல்லவே இல்லையே.

தீஹன் அறை பூட்டிக் கிடந்தது. சிற்றுண்டிச் சாலையில் இல்லை. வாசல் காவலாளி, கறுப்புக் காரில் யாரோ ஒருவரோடு ஏறிப் போனார் என்றான். படிக்கட்டுகளில் ஏறினாள், இறங்கினாள், எங்கே போகிறோம் என்று தெரியாமலே பக்கத்துக் கட்டிடத்து மூன்றாம் மாடிக்கு வந்து நின்றாள். வகுப்புக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே பதினான்கு மாணவர்கள். ஒரு பெண், பிடிக்காத விருந்தாளிக்குக் கதவு திறக்கிறாள். எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னா மூலை நாற்காலியில் சால்வைக்குள் குருவி மாதிரி ஒடுங்கியிருந்தார்.

"முகத்தச் சுளிக்காத. முகம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். கதவ எவ்வளவு திறக்கற, அதச் சொல்லு," என்றவர், வாசலைப் பார்த்தார். "அங்க நிக்கற பாரு ஒருத்தி. கையில இருந்ததத் தொலச்சவ எப்படி நிப்பான்னு பாத்துக்க. விரல் எல்லாம் காத்தத் தடவுது. போங்க எல்லாரும், பத்து நிமிஷம்."

மாணவர்கள் வெளியேறினார்கள். அவள் யார், மத்தியானம் என்ன செய்யப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுவரோடு ஒட்டிப் போனார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை.

"நீ வாசிக்கறதாக் கேள்வி," என்றார் கிழவி.

"ஆமா."

"நல்லது. உன் உச்சரிப்பு சுத்தம். அந்தப் பயலுகள்ல எவனாவது வாசிச்சிருந்தா எனக்கு நெஞ்சு வலி வந்திருக்கும்."

செராஃபீமா கதவைச் சாத்தினாள். "எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னா, நான் அதுல எழுதிட்டேன்."

"என்ன எழுதின?"

"வினை."

"எதுல?"

"அவங்க குடுத்த தாள்லயே. இப்ப அது தீஷாகிட்ட இருக்கு."

 சால்வைக்குள்ளிருந்து வெளியே வந்த கிழவியின் கை மறுபடி உள்ளே போய்விட்டது. ஐம்பது வருடம் மேடையில் நின்ற முகத்தில் ரத்தமே இல்லை.

"உண்மைய எழுதினியா?"

"நீங்கதான அப்படி எழுதச் சொல்லிக் குடுத்தீங்க."

"பைத்தியக்காரி. நாடகத்துக்குச் சொன்னேன்டி. கூட்டத்துக்கா சொன்னேன்?" குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இங்க பாரு, சீமா. யாராவது கேட்டா நான் எழுதச் சொன்னேன்னு சொல்லு. கெழவி மெரட்டினா, பென்சிலக் கையில திணிச்சான்னு சொல்லு. என்னை என்ன பண்ணிடுவாங்க, பல்லப் புடுங்குவாங்களா? அது ஏற்கெனவே போயிடுச்சு."

"உங்க வகுப்ப மூடிடுவாங்க."

"அத எப்படியும் மூடுவாங்க. ஏழு வரியும் ஒழுங்கா வாசிச்சுட்டு இறங்கு. குரலத் தொண்டையில போட்டு அமுக்காத, அது உன் பழைய வியாதி." பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இந்தப் பதினாலு பேருக்கும் மூணாவது வருஷம். இன்னும் நாலு மாசம் கிடைச்சா ஆளாக்கிடுவேன். பாதியில விட்டா பாதிக் கதவு மாதிரி நிப்பாங்க."

இரண்டரை மணிக்குத் தீஹன் படிக்கட்டில் எதிரே வந்தான். தோளில் பனி கரையாமல் இருந்தது. புதிதாக டைப் அடித்த தாளை நீட்டினான். ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பழசு எங்க, தீஷா?"

அவன் கோட்டின் உள்பையைத் தொட்டுக் காட்டினான்.

"யாரு பாத்தாங்க?"

"நான் பாத்தேன். கார்ல அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு மடியில விரிச்சேன். நாலாவது வரிய வாசிச்சதும் மடிச்சுட்டேன். அவர் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டிருந்தாரு." அவன் முகம் வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. "என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கற. சரி. நான் யார் முதுகுக்குப் பின்னால ஒளியறதாம்?"

"அதக் குடுத்துடு."

"குடுக்கறேன். வாசிச்சு முடி, குடுக்கறேன். வாசிக்காம ஏதாவது கூத்தடிச்சேன்னா, சீமா, இது என் பையில இருக்காது. ஆமா, சொல்லிட்டேன்." இரண்டு படி இறங்கினான். நின்றான். திரும்பி வந்து, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "ரெண்டாவது வரிக்கு நீ எழுதினது தப்பு," என்றான்.

"என்ன?"

"கல்லெறியறவன் எதிராளியப் பாத்து நிப்பான். அந்த வரியில நீ அவங்களப் பாக்கவே இல்ல. கையக் கழுவற. 'கைகழுவு'ன்னு எழுதியிருக்கணும்."

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தானே பயந்தவன் மாதிரி விடுவிடென்று இறங்கிப் போனான்.

கூட்டம் முன்கூடத்தில் நடந்தது. சிவப்புத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் தீஹன், அவன் பக்கத்தில் மேலிடத்து ஆள், ஓரமாகச் சுருக்கெழுத்து எடுக்க ரிம்மா. முதல் வரிசை நடுவில் எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னா இருந்தார். இரண்டு பக்கமும் மூன்று மூன்று நாற்காலி காலி. பேசிய முதல் இரண்டு பேரும் அவரைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துப் பேசினார்கள்.

செராஃபீமாவின் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். தாள் கையில் சலசலத்தது. உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டதும் சத்தம் நின்றது. இத்தனை வருடத்தில் ஓரம் காலியான தாளோடு அவள் ஜனங்களுக்கு முன்னால் நின்றதே இல்லை. ஏழு வரி. ஒரு நிமிடம்கூட ஆகாது. வாசித்துவிட்டால் தீஹனின் உள்பை திறக்காது.

"தோழர்களே, நான் எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னாவிடம் நான்கு வருடம் படித்தவள்..."

குரல் தொண்டையிலேயே நின்றது. அடுத்த வரி உதட்டைத் தாண்டவில்லை.

"கேக்கல, சீமா," என்றது முதல் வரிசை. "கடைசி வரிசைக்கு அனுப்பு."

தன்னைத் தூற்றுவதைத் தானே திருத்திவிட்டோம் என்று கிழவிக்கு அப்புறம்தான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள். அந்தக் கூடத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குரலுக்கு நிமிர்ந்து நின்று பழகியவர்கள். இப்போதும் நாற்காலிகளில் பல முதுகுகள் தாமாகவே நிமிர்ந்தன. தீஹனின் முதுகும்தான்.

செராஃபீமா நிமிர்ந்தாள். முதல் வரியை மறுபடி வாசித்தாள், கடைசி வரிசைக்கும் போகும்படி. வாசித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் சொன்னாள்:

"இந்த வரி முந்திக்கறதுக்காக. நான் முந்தலைன்னா வேற யாராவது என்னைச் சொல்லிடுவாங்கன்னு."

மேலிடத்து ஆள் தீஹன் பக்கம் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டார். தீஹன் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் எங்களை மக்களின் வாழ்விலிருந்து பிரித்தார்." நிறுத்தினாள். "இது கைகழுவறதுக்காக."

தீஹனின் கையிலிருந்த பென்சில் மேஜையில் உருண்டது. அவன் பிடிக்கவில்லை.

"என் கண்கள் தாமதமாகவே திறந்தன. இது தலையக் காப்பாத்திக்கறதுக்காக."

நாலாவது வரி. அதை வாசித்தாள். "இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை." வாசித்துவிட்டுச் சிவப்புத் துணியைப் பார்த்தாள். தீஹனின் உதடு வெளுத்துப் போயிருந்தது. உள்பைக்கு மேலே கை இருந்தது, எடுப்பதற்கா பொத்துவதற்கா என்று அவனுக்கே தெரியாத ஒரு கை. அவள் இன்னும் நாலு சொல் சொன்னால் போதும், அவனும் அவளோடு போய்விடுவான். 

"மீதி மூணு வரியும் இதே மாதிரிதான்," என்றாள். தாளை மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின.

யாரும் வெளியே போகாதபடி கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானம் வாசித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் ஏறவில்லை, ஆனால் போதுமானவை ஏறின. வகுப்பு மூடப்பட்டது. செராஃபீமா ஃபமீனிச்னாவின் நடத்தையைத் தனியாக விசாரிக்கலாம் என்று மேலிடத்து ஆள் சொல்ல, ரிம்மா குனிந்தபடியே அதையும் எழுதிக்கொண்டாள்.

வாசலில் கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இடம் காலியாகவே நகர்ந்தது. தீஹன் வரிசையில் நிற்க வேண்டாதவன். ஆனாலும் வந்து பின்னால் நின்றான்.

"நாலாவத ஏன் விட்ட?"

"அது உன் வரி. நீ வேணும்னா சொல்லிக்க."

"தாள் இனிமே எதுக்கும் ஆகாது. நீயே எல்லாத்தயும் சொல்லிட்ட."

"அதுக்காகத்தான் சொன்னேன்."

"கூப்பிடுவாங்க, சீமா. இன்னிக்கில்ல. நாளைக்கு, இல்ல அடுத்த வாரம்." அவன் குரலில் மிரட்டல் இல்லை. ஜுரக்காரன் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் பேசுவது போல இருந்தது. "என்னையும் கூப்பிடுவாங்க."

"தெரியும், தீஷா."

வெளியே நாலரை மணி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பகலில் உருகிய பனி மறுபடி இறுகி, படிகள் கண்ணாடியாகக் கிடந்தன. கடைசிப் படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னா தனியாக நின்றார். மாணவர்கள் பதினான்கு பேரும் எதிர்ச் சாரியில் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் தெருவைக் கடக்கவில்லை.

செராஃபீமா இறங்கி வந்தாள்.

"தள்ளி நட," என்றார் கிழவி, உதடு அசையாமல். "மேல ஜன்னல்ல நின்னு பாக்கறாங்க."

செராஃபீமா அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தெரியும்.  நாளைக்கா, அடுத்த வாரமா, காலையிலா, மத்தியானமா? முழங்கையை மடக்கி நீட்டினாள்.

"வழுக்குது, எவ்லாம்பியா நிகாந்த்ரொவ்னா. பிடிச்சுக்கோங்க."

கிழவி ஒரு கணம் யோசித்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும், அடி வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, ட்ராம் நிற்கும் பக்கமாக நடந்தார்கள்.